எழுபத்தாறு அடி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ரோட்டில், பதினாலு வருஷமாகப் பூட்டிக்கிடந்த ஒரு கம்பெனியை வெளியூர்க்காரர்கள் குடோன் கட்டுவதற்காக வாங்கினார்கள். ஷெட்டுகளைப் பிரித்தாயிற்று, சூளையை உடைத்தாயிற்று, புகைக்கூண்டு மட்டும் நின்றது. அதைத் தள்ளிவிடும் வேலையை காண்ட்ராக்டர் கோவிந்தராசு எடுத்திருந்தார். அவருடைய சூப்பர்வைசர் ராஜ்மோகன்.

ராஜ்மோகனுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். சிவில் டிப்ளமா முடித்தவன். கல்யாணத்துக்குப் பிறகு விருத்தாசலத்திலேயே மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தான். கண்ணால் பார்த்துவிட்டு 'இவ்வளவு இருக்கும்' என்று சொல்லுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். எதை அளந்தாலும் தேதி, மணியோடு அதில் எழுதிவைப்பான். சித்தாள்கள் அவனை முதுகுக்குப் பின்னால் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும்; உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

கூண்டை மேலிருந்து செங்கல் செங்கலாகப் பிரிக்கலாம் என்றால், ஏறுவதற்கு அடித்திருந்த கம்பிகள் துருவேறி இற்றுப்போயிருந்தன. யாரும் ஏறத் துணியவில்லை. அடியில் ஒரு பக்கத்துச் செங்கலைப் பறித்துச் சவுக்குக்கட்டை முட்டுக்கொடுத்து, இரும்பு வடம் கட்டி, பொக்லைனால் இழுத்துச் சாய்ப்பது என்று முடிவாயிற்று. மேற்கே ரோடும் மின்சாரக் கம்பிகளும் இருந்தன. தெற்கே பக்கத்துக் கம்பெனியில் வேலை நடந்துகொண்டிருந்தது. வடக்கே டிரான்ஸ்பார்மர். கிழக்கே மட்டும்தான் சீமைக்கருவேல முள் மண்டிய பொட்டல். பொட்டல் முடியும் இடத்தில் ஒரு வரிசை வீடுகள். கூண்டின் நடுவிலிருந்து முதல் வீட்டுச் சுவர்வரைக்கும் ராஜ்மோகன் டேப்பு பிடித்தான். எண்பத்து நாலு அடி வந்தது.

இனி தெரியவேண்டியது கூண்டின் உயரம். பழைய முதலாளி செத்துப்போய்விட்டார். வரைபடம் எதுவும் யாரிடமும் இல்லை.

"கடலூர்லேருந்து சர்வே மெஷினு கொண்டாந்தா நாலு நாளாவும்யா. என்னா பண்ணலாம்?" என்றார் கோவிந்தராசு.

"எதுக்குண்ணா மெஷினு? வெயிலு இருக்குது. ஒரு குச்சி இருந்தா போதும். நாளைக்குக் காலையில சொல்லிடுறேன்" என்றான் ராஜ்மோகன்.

மறுநாள் பங்குனி வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது. ராஜ்மோகனும் கொத்தனார் தங்கதுரையும் கம்பெனி வளாகத்துக்குள் போனார்கள். சமமான தரையாகப் பார்த்து, சரியாக ஐந்தடி வெளியே நிற்கும்படி ஒரு குச்சியை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினான் ராஜ்மோகன். குச்சியின் நிழலை அளந்தான். ஆறடி. நோட்டில் எழுதிக்கொண்டான்: குச்சி 5, நிழல் 6, மணி 9.05.

"இத வெச்சு எப்படிங்க சிம்னியோட ஒசரம் தெரியும்?" என்று தங்கதுரை கேட்டான்.

ராஜ்மோகன் குனிந்து மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினான். குச்சியும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு சின்ன முக்கோணம். கூண்டும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம். வெயில் இரண்டின்மேலும் ஒரே சாய்வில் விழுவதால் அளவுதான் வேறே தவிர உருவம் ஒன்றுதான். "சின்னதுல ஆறடி நெழலுக்கு அஞ்சடி ஒசரம். பெருசுலயும் அதே வீதம்தான். நெழல அளந்து, ஆறால வகுத்து, அஞ்சால பெருக்குனா முடிஞ்சுது."

தங்கதுரை தலையை ஆட்டினான். இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு கூண்டின் நிழலைத் தொடர்ந்து மேற்கே நடந்தார்கள். நிழல் கேட்டைத் தாண்டி ரோட்டில் கிடந்தது. அதன் நுனி இருக்கவேண்டிய இடத்தில் களிமண் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் டீக்கடையில் இருந்தான்.

"வண்டிய கொஞ்சம் எடுங்க" என்று தங்கதுரை போய்ச் சொன்னான். டிரைவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "வரேன், வரேன்" என்றான். வடைக்குப் பிறகு டீ. டீக்குப் பிறகு யாரோடோ போன். ராஜ்மோகனுக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைசியில் அவனே போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் லாரி நகர்ந்தது. நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, அதைப் போனில் ஒரு படம் பிடித்து, அளந்தான். கூண்டின் அடிச்சுவர்வரைக்கும் எண்பத்தேழரை அடி. நிழலை நடுவிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்பதை மறக்காமல், அடிப்பாகத்தின் பாதி அகலம் மூன்றரையைக் கூட்டினான். தொண்ணூற்றொன்று.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தராசுவின் போன் வந்தது. "என்னாய்யா, எத்தன அடி?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டிலேயே கணக்குப் போட்டான். "எழுபத்தாறுண்ணா. வூடு எம்பத்தி நாலுல இருக்குது. எட்டடி மிச்சம்."

"எட்டடி போதுமாய்யா?"

"கணக்கு சரியா இருக்கும்போது போதும்ண்ணா. அப்பயும் வூட்ல இருக்கிறவங்கள வெளிய வரச் சொல்லிடலாம்."

மூன்றாம் நாள் கூண்டைச் சாய்ப்பதாக இருந்தது. வரிசை வீடுகளுக்கு ஆள் அனுப்பி, பத்து மணிக்கு எல்லாரும் மாரியம்மன் கோயில் பக்கம் போய்விட வேண்டும் என்று சொல்லியாயிற்று. முதல் வீட்டுக்கு ராஜ்மோகனே போனான். சிமெண்ட் ஷீட்டுப் போட்ட ஒற்றை வீடு. பூவாயி என்ற அம்மாள் அங்கே இருந்தாள். பக்கத்துக் கம்பெனியில் பீங்கான் கப்புகளில் கீறல் பார்த்துப் பிரித்துவைக்கும் வேலை அவளுக்கு. முன்னறையில் கட்டிலில் அவள் புருஷன் நல்லமுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து படுக்கைதான். முதுகெல்லாம் படுக்கைப்புண். தொட்டால் அலறுவார்.

"தம்பி, இவர எப்படித் தூக்கறதுன்னு தெரியலியே" என்றாள் பூவாயி. "போன மாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போதே புண்ணு கிழிஞ்சு ரத்தமா போச்சு. சிம்னி எங்க வூட்டு வரைக்கும் வருமா?"

"வராதுங்கம்மா."

"வராதுல்ல?"

ராஜ்மோகன் கட்டிலைப் பார்த்தான். நல்லமுத்து கண்களால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவனுக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கணக்குப் போட்டுட்டேன்மா. எட்டடி தள்ளியே நின்னுடும். அவர ஏன் அலக்கழிக்கிறீங்க? தூசி வரும், ஜன்னல மட்டும் சாத்திடுங்க. நீங்க வேணும்னா வெளிய வந்துடுங்க."

சாய்க்கிற அன்று காலையில் பூவாயி கூண்டு இருக்கும் இடத்துக்கே வந்து மூன்றாம் தடவையாகக் கேட்டாள். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் கட்டிலோடு தூக்கத் தயாராக நிற்பதாகச் சொன்னாள். ராஜ்மோகன் வேலை மும்முரத்தில் இருந்தான். "வராதுன்னு சொல்றேன்லம்மா" என்றான்.

பத்தேகாலுக்குப் பொக்லைன் வடத்தை இழுத்தது. முட்டுக்கட்டைகள் படபடவென்று முறிந்தன. கூண்டு முதலில் அசையவே இல்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. பாதிக்கு மேல் சாய்ந்ததும் வேகம் பிடித்தது. விழுந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. செம்மண் நிறத்தில் தூசி எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. கோயில் பக்கம் நின்றவர்கள் கைதட்டுவது கேட்டது.

தூசி அடங்குவதற்குள் ராஜ்மோகன் ஓடினான். ஏன் ஓடினான் என்று பின்னால் அவனாலேயே சொல்ல முடியவில்லை. முள்காட்டின் ஓரத்தில் ஆட்டைக் கட்டிவிட்டுத் திரும்பிய பூவாயி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வீட்டில் முன்னறை இல்லை. கூண்டின் தலைப்பாகம், மேல் இரும்பு வளையத்தோடு, அங்கே கிடந்தது. ராஜ்மோகன் கையாலேயே செங்கல்லை அள்ளி அள்ளி வீசினான். நகம் இரண்டு பிய்ந்துபோனது. தங்கதுரையும் மற்றவர்களும் வந்து சேர்ந்து நல்லமுத்துவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். கோவிந்தராசு எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னார்: செங்கல் உள்ளே மக்கிப்போயிருந்திருக்கிறது, சாயும்போது அடி வழுக்கி முன்னால் தள்ளிவிட்டது, போதாததற்குக் காற்றும் அடித்தது. ராஜ்மோகனும் அதையே சொன்னான். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பினான். கூண்டு எழுபத்தாறு அடி. அடி வழுக்காமல் அது எப்படி அங்கே போயிருக்கும்?

ஆனால் விழுந்துகிடந்ததை அவன் அளந்து பார்க்கவில்லை. அன்றும் அளக்கவில்லை, மறுநாளும் அளக்கவில்லை. எதற்கெடுத்தாலும் டேப்பை நீட்டுகிறவன், இதற்கு நீட்டவில்லை. இடிபாடுகளை அள்ளுவதற்கு முன்னால் அளவெடுத்தது தாசில்தார் ஆபீஸ் ஆட்கள். நுனி வளையம்வரைக்கும் தொண்ணூறு அடி என்று அவர்கள் சொன்னபோது, "வழுக்குனதுல நடுவுல விரிசல் விட்டு நீண்டிருக்கும்" என்றார் கோவிந்தராசு. போலீஸும் அதையே எழுதிக் கேஸை முடித்தது.

எட்டாம் நாள், வீட்டில் சும்மா உட்கார்ந்து போனில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான் ராஜ்மோகன். சுண்ணாம்புக் கோட்டின் படம் வந்தது. தார்ரோட்டில் நிழலின் நுனி, பக்கத்தில் தங்கதுரையின் செருப்புக்கால். படத்தின் மேல் நேரம் இருந்தது. 9.25.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் நோட்டை எடுத்தான். குச்சி 5, நிழல் 6, மணி 9.05.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனான். பூந்தொட்டி மண்ணில் ஐந்தடி வெளியே நிற்கும்படி ஒரு குச்சியை நட்டு, தொட்டியின் உயரத்துக்குச் செங்கல் பரப்பி, அதன்மேல் பலகை வைத்துச் சமமாக்கினான். நிழல் சுருங்கிச் சுருங்கிச் சரியாக ஆறடிக்கு வரும்வரை காத்திருந்தான். வந்ததும் மணி பார்த்தான். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். துணி காயப்போட வந்த அவன் மனைவி துர்கா, "என்னாங்க பண்றீங்க வெயில்ல?" என்று கேட்டாள். அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம் ஆனதும் மறுபடி அளந்தான். ஐந்தடியும் அரை அங்குலமும்.

ஒரு லாரி டிரைவர் வடை தின்று டீ குடித்து போன் பேசிய நேரத்தில் நிழலில் கிட்டத்தட்ட ஓர் அடி போயிருந்தது. அவன் சின்ன முக்கோணத்தை ஒரு வெயிலிலும், பெரிய முக்கோணத்தை வேறு வெயிலிலும் அளந்திருக்கிறான். இரண்டும் ஒரே உருவம் இல்லை. ஒரே உருவம் இல்லாதபோது வீதத்துக்கு அர்த்தமே இல்லை. தொண்ணூற்றொன்றை ஐந்தடி அரை அங்குலத்தால் வகுத்து ஐந்தால் பெருக்கினான். தொண்ணூறும் சொச்சமும் வந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். மூன்றாம் தடவை போட எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

துர்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் முதலில் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள், கீழ்வீட்டுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

"கேஸு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்னாங்க? நீங்க வேணும்னா பண்ணீங்க? அந்தப் படத்த அழிச்சுடுங்க. எனக்குப் பயமா இருக்குது."

அவன் படத்தை அழிக்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போனான். பூவாயி அங்கே தம்பி வீட்டில் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து முந்திரிப்பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

ராஜ்மோகன் ஸ்டூலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தான். "அன்னிக்குக் காத்தும் அடிக்கல, செங்கல்லும் வழுக்கலம்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றான். விறகுக்குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் ஊன்றி, நிழல் எப்படிக் குறையும் என்று காட்டினான். லாரியைப் பற்றிச் சொன்னான். இருபது நிமிஷத்தைப் பற்றிச் சொன்னான். அவள் கை பருப்பை உரித்துக்கொண்டே இருந்தது. அவள் கேட்கிறாளா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அவன் சொல்லி முடித்ததும் கையிலிருந்த பருப்பை முறத்தில் போட்டாள்.

"எத்தினி தடவ கேட்டேன் ஒங்கிட்ட?"

"மூணு தடவம்மா."

"மூணு தடவயும் வராதுன்ன."

"ஆமாங்கம்மா."

"நாலு பேரு கட்டில தூக்க வந்து நின்னாங்க. நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பிச்சேன். காத்துதான், விதிதான்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு மட்டும், நாம வேணாம்னு சொன்னதாலதான மனுசன் செத்தாருன்னு ஒறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"ஒங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. என் பேச்ச நம்பித்தான நீங்க..."

"தெரியுது. நீ சொன்ன பொறவும் அது ஒறுத்திக்கிட்டேதான் இருக்குது." பருப்பு முறத்தைத் தள்ளிவைத்தாள். "இத எங்கிட்ட வந்து சொல்லி என்னா ஆவப்போவுது? காத்து அடிச்சு செத்தாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. போயி ஸ்டேஷன்ல சொல்லு. அந்த மனுசன் எதனால செத்தாருன்னு காயிதத்துலயாவது சரியா இருக்கட்டும்."

அவன் எழுந்து போகும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டராக இருந்த ஏட்டு, அவன் எழுதிக் கொண்டுவந்திருந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "ஒன்ன யாருய்யா கேட்டா?" என்றார். முக்கோணங்கள் வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னா?" என்று கேட்டார். ராஜ்மோகன் விளக்கினான். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தேதியும் மணியும் போட்ட நோட்டையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்ததும் கேஸை மறுபடி திறந்தார்கள். அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம். முதல் எதிரி ராஜ்மோகன். தகுந்த இடைவெளி விடாமல் வேலை செய்ததற்காகக் கோவிந்தராசு இரண்டாவது.

கோவிந்தராசு முன்ஜாமீன் வாங்கிவிட்டார். ராஜ்மோகன் பதினோரு நாள் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது வேலை இல்லை. விருத்தாசலத்தில் எந்த காண்ட்ராக்டரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த முதலாளியையே காட்டிக்கொடுத்தவன் என்று பேச்சு. தங்கதுரைகூட ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துர்கா ஒரே ஒரு தடவை மட்டும், சாதம் போட்டுக்கொண்டே, "எங்கிட்டதான மொதல்ல சொன்னீங்க. நான் சொன்னத ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். மங்கலம்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் பெட்டி இறக்கி ஏற்றும் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்தான்.

வழக்கு இரண்டு வருஷமாக நடக்கிறது. வாய்தா அன்றைக்குப் பூவாயியும் சாட்சியாக வருவாள். கோர்ட்டு வராந்தாவில் அவள் ஒரு கோடியில் உட்காருவாள், அவன் இன்னொரு கோடியில் நிற்பான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

போன ஆவணியில் ஒரு வாய்தாவுக்கு ஜட்ஜு வரத் தாமதமானது. மழை தூறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் சாரல் அடித்ததால் எல்லாரும் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். பூவாயி அவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்படி ஆனது. தலை முழுக்க நரைத்திருந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, நீதான் மொதல்ல செங்கல்ல அள்ளிப் போட்ட."

"ஆமாங்கம்மா."

"அவரு தூங்கிட்டிருந்தாரா, முழிச்சிட்டிருந்தாரா?"

ராஜ்மோகன் பார்த்திருந்தான். முகத்தின் மேல் கிடந்த கடைசிச் செங்கல்லை எடுத்தபோது நல்லமுத்துவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. நன்றாக இருந்த அந்த ஒரு கை முகத்துக்கு நேரே தூக்கியபடி இருந்தது. மற்றவர்கள் வந்து சேருவதற்குள் அவன்தான் கண்களை மூடி, கையை இறக்கி வைத்தான். ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தில் அது இல்லை.

"தூங்கிட்டிருந்தாருங்கம்மா" என்றான்.

பூவாயி அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். உள்ளே டவாலி வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் வாய்தா இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போனது. ராஜ்மோகன் கடைக்கு நேரமாகிவிட்டது என்று மழையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.